பெரிய மேளமும் சின்ன மேளமும்



கலை என்பது யாது, அது சமூகத்தை மாற்றும் வல்லமை உடையதுதானோ என்னும் வினா பன்னாளாக அறிஞர்களால் எழுப்பப்பட்டு வருகின்றது. இதுபற்றிப் பேசுவோர் பெரும்பாலும் தூரதேசத்து நூல்களிலிருந்து மேற்கோள் காட்டுவர். நமக்கோ அவ்வளவு தூரம் செல்ல வேண்டுவதில்லை. காவிரியின் கிளைகள் பாய்ந்து நெல் விளைக்கும் தஞ்சை நாட்டில், நம் முன்னோர் குடியிருந்த சந்நிதித் தெருக்களிலேயே இவ்வினாவுக்குரிய விடை கிடக்கின்றது. அவ்விடையில் நமக்குப் பெருமை தருவன பல உள. நாணம் தருவனவும் சில உள. இரண்டையும் ஒளியாது உரைத்தலே சரித்திரம் எழுதப் புகுவோர் கடனாதலின், இரண்டையும் நம் குடும்பத்தார் முன் வைக்கத் துணிந்தோம்.

இரண்டு மேளங்கள்

தஞ்சை ஜில்லாவின் பழைய வழக்கில் நம்மவர் தொழில் இரு பகுதியாக எண்ணப்பட்டது. நாகசுரமும் தவிலும் ஒத்தும் தாளமும் கூடியது பெரிய மேளம். சதிர் ஆடும் நங்கையும், நட்டுவாங்கம் செய்யும் ஆசானும், பின்பாட்டுக்காரரும், மத்தளம் முகவீணை முதலியன வாசிப்போரும் கூடியது சின்ன மேளம். திருவிழாக் காலத்தில் சுவாமி புறப்பாட்டுக்கு இவ்விரண்டும் வேண்டப்பட்டன. பல வீடுகளில் தமையன் தவில் வாசிப்பான், தங்கை ஆடுவாள், தாய்மாமன் ஜதி சொல்லுவான். ஒரே அடுப்பில் சமைத்த சோற்றை உண்டு வளர்ந்த இரண்டு கலைகள் இவை.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நம்மவர் மகாநாடுகள் கூட்டி, மேளக்காரர் என்றும் நட்டுவனார் என்றும் பிறர் பலவாறு அழைத்த பெயர்களை விலக்கி, ‘இசை வேளாளர்’ என்னும் பெயரைத் தமக்குத் தாமே சூட்டிக்கொண்டனர். அப்பெயரில் இசை இருக்கின்றது, ஆடல் இல்லை. இதனைத் தற்செயல் என்று நாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். இக்கட்டுரையை எழுதப் புகுந்தபோது அவ்வெண்ணம் நம்மை விட்டு நீங்கிற்று. காரணம் பின்னே விளங்கும்.

கல்லில் பொறித்த பெயர்கள்

முதலாம் இராசராச சோழன் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டி முடித்தது 1010ஆம் ஆண்டில். அதற்குச் சில ஆண்டுகளின் பின் அக்கோயிற் சுவரில் பொறிக்கப்பெற்ற நீண்ட சாசனமொன்று, சோழ நாட்டின் பல கோயில்களிலிருந்து வருவிக்கப்பட்டுப் பெரிய கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் குடியேற்றப்பெற்ற 400 தளிச்சேரிப் பெண்டிரைக் குறிக்கின்றது. இன்ன வீதியில், இன்ன சிறகில், இத்தனையாவது வீட்டில், இன்ன ஊர்க் கோயிலிலிருந்து வந்த இன்ன பெயருடையாள் என்று ஒவ்வொருத்தியின் பெயரும் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றது. ஒவ்வொருத்திக்கும் ஒரு பங்கு. ஒரு பங்கென்பது ஒரு வேலி நிலத்தின் விளைவாகிய 100 கலம் நெல். நட்டுவம் செய்வோர்க்கு இரண்டு பங்கு. பாடுவோர், கொட்டுவோர், குழலூதுவோர் மட்டுமன்றி, நாவிதர், வண்ணார், குயவர், தையற்காரர், தச்சர், தட்டார் ஆகியோரும் அச்சாசனத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றனர்.

அச்சாசனத்தில் மற்றொரு விதியும் உண்டு. பங்கு பெற்றவர் இறந்தாலும் வேறு தேசம் சென்றாலும் அவருக்கு நெருங்கிய உறவினர் அப்பங்கைப் பெற்றுப் பணி செய்க. உறவினர்க்கு யோக்கியதை இல்லாவிடில், யோக்கியமான வேறொருவரைக் கொண்டு அப்பணியைச் செய்விக்க என்பதே அவ்விதி. பிறப்பு முதலில் வைக்கப்பட்டதாயினும், கலையில் தேர்ச்சியில்லாத பிறப்பு போதாது என்று அன்றே தீர்மானிக்கப்பட்டது.

அந்த 400 பெண்டிரும் நம் நேர் மூதாதையர் என்று சாதிக்க நாம் துணியோம். ஆயிரம் ஆண்டுகளின் இடைவெளியை அங்ஙனம் எளிதிற் கடந்துவிட இயலாது. அவர்கள் நிலையும் பிற்காலத்துத் தேவதாசியர் நிலையும் ஒன்றல்ல என்று சாசன ஆராய்ச்சியாளரும் கூறுகின்றனர். அச்சாசனத்தை அரசன் கருணையென்று மட்டும் புகழவும் மாட்டோம். குடியேற்றப்பட்டவர்களைக் கேட்டுக் குடியேற்றினரோ என்பது அக்கல்லில் இல்லை. ஆயினும் ஒன்று தெளிவு. ஆடியவள் பெயரோடு அறியப்பட்டாள். அவளுக்குரிய நெல் அளவோடு எழுதப்பட்டது. கலைக்கு ஒரு கணக்கும் கலைஞர்க்கு ஒரு கணக்குமாக அன்று வைக்கப்படவில்லை.

ஆதரவு மாறியதும் மதிப்பு மாறியதும்

நாயக்க மன்னரும் மராட்டிய மன்னரும் தஞ்சையை ஆண்ட காலத்தும் ஆடலும் பாடலும் செழித்தன. இரண்டாம் சரபோஜி மன்னர் 1798 முதல் 1832 வரை அரியணையில் இருந்தார். அக்காலத்தை ஒட்டி வாழ்ந்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சை நால்வர், முத்துசுவாமி தீட்சிதரிடம் இசை பயின்று, சதிருக்கு ஓர் ஒழுங்கு அமைத்தனர். அலாரிப்பு, ஜதிசுவரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று இன்று உலகமெங்கும் மேடையேறுகின்ற வரிசை அவர்கள் வகுத்த வழியே. நால்வருள் இளையவரான வடிவேலு, திருவாங்கூரில் சுவாதித் திருநாள் மன்னர் அவையை அடைந்தார். நம் இசையில் பிடிலைப் புகுத்தியவருள் ஒருவராக அவரைச் சொல்வர்.

1855ஆம் ஆண்டில் தஞ்சையின் கடைசி மன்னர் சிவாஜி ஆண்வாரிசின்றி இறந்தார். கும்பினியார் அரசை எடுத்துக்கொண்டனர். அவை கலைந்தது. கலை அதன்பின் மிராசுதார்களையும் மடங்களையும் கோயில் தர்மகர்த்தாக்களையும் செட்டிநாட்டுத் தனவந்தர்களையும் அண்டி நின்றது. அரசன் ஒருவனுக்குப் பதிலாக ஊருக்கொரு எஜமானர் உண்டாயினர். மேள மானியமாகச் சிறிது நிலம், அறுவடையில் களத்து நெல், கலியாணத்திற்கு ஒரு வேட்டி எனப் பிழைப்பு நடந்தது. நெல் அளப்பவர் கையில் மரக்காலும் இருந்தது, மரியாதையும் இருந்தது.

அக்காலத்து வழக்கங்களை நம் வீட்டுப் பெரியோர் வாயிலாகக் கேட்டவர் பலர் இன்றும் உளர். வித்துவான் மேலாடை அணியலாகாது. தோளில் கிடக்கும் துண்டை இடுப்பில் கட்டிக்கொள்ளவேண்டும். பிரபுக்கள் வீற்றிருக்க அவன் நின்றுகொண்டே மணிக்கணக்கில் வாசிக்கவேண்டும். காலில் செருப்பின்றி நடக்கவேண்டும். அவன் வாசித்த கல்யாணியைக் கேட்டுக் கண்ணீர் பெருக்கியவர், வாசித்து முடித்தபின் அவனுக்கு இலை போடச் சொல்வது வேறு இடத்தில். கலை நடுக்கூடத்தில் இருந்தது. கலைஞன் திண்ணையில் இருந்தான்.

இவ்வவமானம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவின் சங்கீத மேதையாகிய மோட்சார்ட், சால்ஸ்பர்க் ஆர்ச்பிஷப்பின் சேவகத்தில் இருந்தபோது, 1781ஆம் ஆண்டில் வியன்னா நகரில் ஏவலாளரோடும் சமையற்காரரோடும் ஒரே மேசையில் உண்ண வைக்கப்பட்டதைத் தம் தந்தைக்கு மனம் நொந்து எழுதினார். அவ்வாண்டிலேயே அச்சேவகத்தை உதறினார். உலகத்தில் எங்கும் செல்வர் இசையை விரும்பினர். இசைத்தவனை விரும்பியவர் சிலரே.

நின்றவர் அமர்ந்தார்

இந்நிலையில்தான் திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை தோன்றினார். 1898ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 27ஆம் நாள் திருமருகலில் பிறந்து, திருவாவடுதுறையில் வளர்ந்தவர். இளமையில் வாய்ப்பாட்டுப் பயின்றமையால், பாட்டில் இயலும் நயமெல்லாம் நாகசுரத்திலும் இயலவேண்டும் என்று விரும்பினார். அக்காலத்தில் வழங்கிய திமிரி நாயனம் குட்டையானது, சுருதி மிக்கது, வீதிக்கும் புறப்பாட்டுக்கும் ஏற்றது. திருவாவடுதுறைக்கு அணித்தாகிய நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் செய்யும் ரங்கநாத ஆசாரியின் துணைகொண்டு, நீண்டதும் தாழ்ந்த சுருதியுடையதுமாகிய பாரி நாயனம் அவர் காலத்தில் திருத்தம் பெற்றது. ஆச்சா மரத்தில் அவ்வூரார் கடைந்தெடுக்கும் அக்கருவிக்கு 2022ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. கச்சேரி மேடையில் வாய்ப்பாட்டுக்குச் சமமாக நாகசுரத்தை வைக்க அக்கருவி வழி செய்தது.

கருவியைத் திருத்தியதோடு அவர் நின்றாரில்லை. தம்மையும் திருத்திக்கொண்டார். இடுப்பில் துண்டு கட்டிய கோலத்தை விட்டார்; நீண்ட அங்கி அணிந்தார்; காலில் சோடு போட்டார்; மேடையில் அமர்ந்து வாசிப்பேன் என்றார். அவரை அகங்காரி என்றவர் பலர்; ஏழைக் கோயில் மேளக்காரனுக்கு இவ்வளவு ஆகுமா என்று முணுமுணுத்தவரும் உளர். அவர் தோடி ஆலாபனம் தொடங்கியபின் அம்முணுமுணுப்புக் கேட்கவில்லை. 1947ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தேசம் விடுதலை பெற்ற நாளில் வானொலியில் அவர் நாகசுரம் ஒலித்தது. 1955ஆம் ஆண்டில் சங்கீத நாடக அகாதெமியின் விருது பெற்றார். மறு ஆண்டு டிசம்பர் மாதம் 12ஆம் நாள் காலமானார்.

ஈண்டு வாசகர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். தோடி இராகத்தில் சமூக சீர்திருத்தம் பற்றிய சொல் ஒன்றேனும் இல்லை. ஸ்வரங்களுக்கு ஜாதிபேதத்தைக் கண்டிக்கத் தெரியாது. அவ்வாறாயின் அவர் இசை சமூகத்தை எவ்வாறு மாற்றிற்று? கேட்பவன் நாற்காலியிலும் வாசிப்பவன் தரையிலும் இருந்த அமைப்பை அது மாற்றிற்று. எந்த மனிதனைத் தாழ்வாக எண்ணப் பழகியிருந்தார்களோ, அந்த மனிதனை அண்ணாந்து பார்க்கும்படி அது செய்தது. ஒருமுறை அண்ணாந்து பார்த்த கண்ணுக்குப் பழையபடி குனிந்து பார்ப்பது அத்துணை எளிதன்று. அமெரிக்க தேசத்தில் 1939ஆம் ஆண்டில் மரியன் ஆண்டர்சன் என்னும் நீக்ரோப் பாடகிக்கு, அவர் நிறத்தின் காரணமாக வாஷிங்டன் நகரத்துப் பெரிய மண்டபம் மறுக்கப்பட்டது. அவர் லிங்கன் நினைவு மண்டபத்தின் படிகளில் நின்று, திறந்த வெளியில் 75,000 பேர் முன் பாடினார். அவர் பாடியவற்றிலும் கண்டனம் இல்லை. அவர் நின்ற இடமே கண்டனமாயிற்று.

தோள்துண்டும் ஒரு சிறுவனும்

இராசரத்தினம் பிள்ளைபோல் மேதைமை வாய்த்தவர் ஆயிரத்தில் ஒருவரே. மேதைமை இல்லாத மற்றையோர்க்கு மானம் எங்ஙனம் கிடைக்கும்? இதற்கு விடை கலையினால் மட்டும் வரவில்லை என்பதை நாம் ஒப்புக்கொள்ளவேண்டும்.

நம்மவர் கச்சேரிக்குச் செட்டிநாடு செல்வது அந்நாளில் வழக்கம். அந்நாட்டுக் கானாடுகாத்தானில் 1930ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் நடந்த ஊர்வலமொன்றை சுயமரியாதை இயக்கத்தார் பலர் நினைவுகூர்ந்துள்ளனர். மதுரை சிவக்கொழுந்து என்னும் நாகசுர வித்துவான் தோளில் துண்டோடு வாசித்துக்கொண்டு சென்றார். வேர்வை துடைப்பதற்கு வைத்திருந்த அத்துண்டை எடுக்கும்படி சிலர் வற்புறுத்தினர். தஞ்சை ஜில்லாப் பட்டுக்கோட்டையைச் சேர்ந்த அழகிரிசாமி அங்கிருந்தார். துண்டை எடுக்க வேண்டாம் என்று அவர் வித்துவான் பக்கம் நின்று வாதாடினார். வாசித்தவருக்கு அன்று துணையாக நின்றது ராகமன்று. அருகே நின்று பேசிய ஒரு மனிதர்.

மற்றொரு செய்தி. 1924ஆம் ஆண்டில் திருக்குவளையில் பிறந்த மு. கருணாநிதி, நாகசுரம் வல்ல குடும்பத்துப் பிள்ளை. இளமையில் இசை பயிலச் சென்ற இடத்தில் மேலாடை அணிய இடமில்லாமை கண்டு மனம் புழுங்கி, அப்பயிற்சியையே விட்டுவிட்டதாகத் தம் தன்வரலாற்றில் எழுதினார். அவர் நாடகத்தையும் எழுத்தையும் பற்றிக்கொண்டு, 1969ஆம் ஆண்டில் இம்மாநிலத்தின் முதலமைச்சரானார். அவர் அரசியலில் நம் அங்கத்தினர்க்குள் வேறுபாடு இருக்கலாம். அதனை ஈண்டுப் பேசவேண்டுவதில்லை. நாம் எடுத்துக்கொள்ளும் பாடம் வேறு. மானமில்லாத இடத்தில் கலை தன் மக்களை இழக்கின்றது. அவர் போன்றோர் வேறு வழியில் உயர்ந்தனர். பெயர் தெரியாமல் நாகசுரத்தைப் பரண்மேல் போட்டுவிட்டுச் சென்ற சிறுவர் எத்தனை பேரோ!

சின்ன மேளத்தின் கதை

பெரிய மேளத்தின் கதையைப் பெருமையோடு கூறினோம். இனிச் சின்ன மேளத்தின் கதையைக் கூறுமிடத்து நம் குரல் தாழ்கின்றது.

அரசவை கலைந்தபின் ஆடல் மகளிர் நிலை ஆடவர் நிலையினும் கொடிதாயிற்று. பொட்டுக்கட்டி விடப்பட்ட சிறுமிகள், தாம் விரும்பியோ விரும்பாமலோ செல்வர்களின் ஆதரவில் வாழ நேர்ந்தது. 1893ஆம் ஆண்டிலேயே சமூக சீர்திருத்தக்காரர் சதிரை ஆதரிக்க வேண்டாம் என்று கவர்னருக்கும் வைஸ்ராய்க்கும் விண்ணப்பம் செய்தனர். புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டில் பிறந்தவரும், தாய்வழியால் இம்மரபைச் சார்ந்தவருமான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், 1927ஆம் ஆண்டில் சென்னைச் சட்டசபையில் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். 1929ஆம் ஆண்டின் சட்டம் தேவதாசியரின் மானிய நிலங்களைக் கோயிற் கடமையினின்றும் விடுவித்தது. 1947ஆம் ஆண்டின் சட்டம் பொட்டுக்கட்டுதலை அறவே தடுத்தது.

நம் தஞ்சை நாட்டில் இதற்காக ஊர் ஊராகச் சென்று பாடுபட்டவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். 1883ஆம் ஆண்டில் பிறந்த அவர், இவ்வாழ்வின் கசப்பைத் தாமே அறிந்தவர். 1936ஆம் ஆண்டில் ‘தாசிகளின் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்னும் நாவலை எழுதி வெளியிட்டார். கதையென்னும் கலையையே அவர் ஆயுதமாக்கினார். சிறுமிகளை விற்கும் தாய்மாரையும் வாங்கும் மைனர்களையும் ஒருங்கே சாடினார். 1962ஆம் ஆண்டில் மறைந்த அவர் பெயரால் ஏழைப் பெண்களின் திருமணத்திற்கு உதவித் திட்டம் ஏற்பட்டது. 2022ஆம் ஆண்டில் அஃது அரசுப் பள்ளியில் பயின்ற பெண்கள் உயர்கல்வி பெறும் திட்டமாக மாற்றப்பட்டது. வேறு சாட்சி வேண்டுவோர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

ஆயினும் வழக்கின் மறுபக்கமும் உண்டு. அம்மரபில் வந்த பெண்கள் பலர், எங்களைக் குற்றவாளிகளாக்க வேண்டாம், கல்வி தந்து எங்கள் கலையைக் காத்துக்கொடுங்கள் என்று சர்க்காருக்கு விண்ணப்பித்தனர். பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களுள் ஒருவர். தியாகராஜ சுவாமிகளின் சமாதி திருவையாற்றுக் காவிரிக்கரையில் கவனிப்பாரற்றுக் கிடந்தபோது, தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு அங்கே கோயில் எழுப்பியவர் அவரே; 1926ஆம் ஆண்டில் அதற்குக் கும்பாபிஷேகம் ஆயிற்று. அத்துணை செய்தும், ஆராதனையில் ஆடவர் நடத்திய கச்சேரிகளில் பெண்களுக்கு இடமில்லை. அவர் பெண்களைச் சேர்த்து அங்கேயே தனியாக ஆராதனை நடத்தினார். கட்சிகள் ஒன்றுபட்டுப் பெண்கள் பொது மேடையில் பாடத் தொடங்கியது 1940ஆம் ஆண்டையொட்டி. அவர் 1952ஆம் ஆண்டில் காலமானார். இன்று அவ்விடத்தில் ஆடவரும் பெண்டிரும் ஒருங்கே அமர்ந்து பஞ்சரத்தினம் பாடுவதைக் காண்கின்றோம். அவ்வரிசையில் அமரும் ஒவ்வொரு பெண்ணும் அவருக்குக் கடன்பட்டவள்.

இராமாமிர்தம் அம்மையார் சரியா, நாகரத்தினம்மாள் சரியா என்று கேட்பார்க்கு நாம் கூறுவது இது: ஒருவர் சிறுமியைக் காத்தார், மற்றவர் கலையைக் காத்தார். இரண்டையும் ஒருங்கே காத்திருக்க வேண்டிய சமூகம் காக்கவில்லை. பொட்டுக்கட்டும் வழக்கம் ஒழிந்தது முற்றிலும் நன்றே. அதில் நமக்கு இம்மியும் ஐயமில்லை. ஆனால் 1947ஆம் ஆண்டின் சட்டம், கோயிலிலும் சுவாமி ஊர்வலத்திலும் பெண்கள் ஆடுவதையே சட்டவிரோதமாக்கிற்று. அன்று கோயிலினின்று சின்ன மேளம் வெளியேறிற்று. பெரிய மேளம் அங்கேயே நின்றது. தமையன் தவிலோடு உள்ளே இருக்க, தங்கை சலங்கையை அவிழ்த்து வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

அதே காலத்தில் ஆடல் வேறு வாயில் வழியாக மேடையேறிற்று. 1931ஆம் ஆண்டில் சென்னை சங்கீத வித்வத் சபையில் ஆடிய கல்யாணியின் புதல்வியர், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவியர். அவரிடமே பயின்ற ருக்மிணி தேவி 1935ஆம் ஆண்டில் அரங்கேறி, மறு ஆண்டில் கலாட்சேத்திரத்தை நிறுவினார். சதிர் என்ற பெயர் மறைந்து பரதநாட்டியம் என்ற பெயர் நிலைத்தது. உயர்குலத்துப் பெண்கள் ஆட வந்தனர். அவர்களுக்குக் கற்பித்த ஆசான்கள் நம்மவர். கலை வாழ்ந்தது, அதற்காக அவர்களுக்கு நன்றி கூறுவோம். ஆனால் நம் பெண்கள்? அவர்களுக்கு மணம் முடிப்பதிலும், பழைய வாழ்வின் சுவடே தெரியாமல் செய்வதிலும் நம் ஆடவர் கவனமாக இருந்தனர். நாகசுரத்துக்கு நாற்காலி கேட்ட நாம், சலங்கைக்கு ஒரு பாய்கூடக் கேட்கவில்லை. நாம் சூட்டிக்கொண்ட பெயரில் ஆடல் இல்லாமை தற்செயலன்று என்று முன்னே சொன்னது இதனாலேயே.

விதிவிலக்காக நின்றவர் டி. பாலசரசுவதி அம்மையார். தஞ்சை அரசவையில் ஆடிய குடும்பத்தின் வழியில், வீணை தனம்மாளின் பேத்தியாக 1918ஆம் ஆண்டில் பிறந்தார். நால்வர் மரபில் வந்த கந்தப்ப பிள்ளையிடம் பயின்றார். காலமெல்லாம் ஆடலை விடு என்று கூறிய நாட்களில் அவர் விடவில்லை. தம் மரபை மறைக்கவும் இல்லை. 1961ஆம் ஆண்டில் ஜப்பான் தேசத்துத் தோக்கியோ நகரிலும், பின்னர் ஐரோப்பா, அமெரிக்கா ஆகிய கண்டங்களிலும் ஆடினார். சங்கீத வித்வத் சபையார் 1973ஆம் ஆண்டில் அவருக்குச் சங்கீத கலாநிதிப் பட்டம் அளித்தனர். ஆடற்கலைஞர் ஒருவருக்கு அப்பட்டம் கிடைத்தது அதுவே முதல்முறை. 1984ஆம் ஆண்டில் மறைந்தார். இராசரத்தினம் பிள்ளைக்கு நாம் எடுத்த விழாக்களில் பாதியேனும் அவருக்கு எடுத்தோமா என்று நம் நெஞ்சையே கேட்டுக்கொள்வோமாக.

நாம் பெறும் பாடம்

இதுகாறும் கூறியவற்றால் கலையின் பொருள் யாதென்பது ஒருவாறு விளங்கும். கலை கேட்போரை மகிழ்விப்பது உண்மை. அம்மகிழ்ச்சி தானாகவே எவரையும் நல்லவராக்கிவிடாது. ராகத்தில் உருகியவரே துண்டை எடு என்றும் சொன்னார். கலைக்கு உள்ள வல்லமை வேறு. தாழ்த்தப்பட்டவனிடத்தில் தாழ்த்தியவனால் மறுக்க முடியாத ஒரு மேன்மை இருப்பதை அது அனைவரும் காண வெளிப்படுத்துகின்றது. அவ்வெளிச்சத்தில் நிமிர்ந்து நிற்பதோ, மீண்டும் குனிந்துகொள்வதோ மனிதர் செயல். இராசரத்தினம் பிள்ளை நிமிர்ந்தார். அழகிரிசாமி அருகே நின்றார். நாகரத்தினம்மாள் தனித்தேனும் பாடினார். சமூகம் மாறியது அம்மூன்று செயல்களாலும்.

இன்னும் ஒன்று கூறாவிடில் நாம் உண்மை பேசியவர் ஆகோம். நம்மவர் துண்டுக்காகவும் நாற்காலிக்காகவும் போராடிய அதே நாட்களில், நம் கழனிகளில் நாற்று நட்ட மக்கள் கோயிலுக்குள்ளேயே நுழைய இயலாதிருந்தனர். சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசத்திற்குச் சட்டம் பிறந்தது 1939ஆம் ஆண்டில்தான். அவர்கள் முழக்கிய பறையும் தோலால் ஆனது. நம் தவிலும் தோலால் ஆனது. ஒன்றுக்கு மங்கலம் என்றும் மற்றொன்றுக்குத் தீட்டு என்றும் பெயரிட்டபோது நம்மில் எத்தனை பேர் மறுத்துரைத்தோம்? நமக்கு மேலிருந்தோர் நம்மை மதிக்கவேண்டும் என்று கேட்ட வாய், நமக்குக் கீழென்று எண்ணப்பட்டோரை மதிக்கவும் பழகவேண்டும். அன்றேல் கலையின் பாடத்தை நாம் பாதியே கற்றவராவோம்.

சகோதர சகோதரிகளே! நம்மில் பலர் வீட்டில் பாட்டியின் படம் கூடத்தில் மாட்டப்படுவதில்லை, பெட்டிக்குள் கிடக்கின்றது. அவள் எந்தக் கோயிலில் ஆடினாள், எந்த ஆசானிடம் பயின்றாள் என்று பேரப்பிள்ளை கேட்டால், ‘அதெல்லாம் உனக்கு எதற்கு’ என்று அடக்குகின்றோம். இராசராசன் 400 பெண்களின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தான். நாம் ஒருத்தியின் பெயரைக் காகிதத்திலும் எழுத நாணுகின்றோம். அவளிடத்து அநீதி செய்தது காலம், நாணவேண்டியவர் அநீதி செய்தோர், அவள் அன்று.

ஆதலின் ஒன்று செய்க. வரும் ஆடிப்பெருக்கன்று குடும்பத்தோடு காவிரிக்கரையில் கூடுங்கால், வீட்டில் மூத்தவரை அருகில் அமர்த்தி, ஆடியவர், பாடியவர், ஜதி சொன்னவர், தவில் வாசித்தவர் என நம் குடும்பத்தில் வாழ்ந்த பெண்டிர் ஆடவர் அனைவரின் பெயரையும், அவர் கற்ற கலையையும், பணி செய்த ஊரையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்க. திருவையாற்று அரசு இசைக் கல்லூரி போன்ற இடங்களில் நாகசுரமும் தவிலும் ஆடலும் இன்று யாவரும் கற்கலாம். மகன் நாகசுரம் கேட்டாலும், மகள் நாகசுரம் கேட்டாலும், மகள் சலங்கை கேட்டாலும் மறாது வாங்கிக் கொடுக்க. கற்க விரும்பாத பிள்ளையை வற்புறுத்தவும் வேண்டாம். யோக்கியதையே வேண்டும் என்று அச்சாசனமே சொல்லியிருக்கின்றது. பெயரை மட்டும் மறக்கவிட வேண்டாம்.

பெரிய மேளமும் சின்ன மேளமும் ஒரே வீட்டில் பிறந்தவை. ஒன்றை நடுக்கூடத்தில் வைத்து மற்றொன்றைப் பெட்டியில் பூட்டிய வீடு முழு வீடாகாது. பெட்டியைத் திறப்போமாக.